கறுத்தால் குளிருமா? – வண்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் கண்ணாடியைப் பற்றித்தான். வெயில் அப்படி. அதனால் பிரேக், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்காரர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசுகிறேன். கிருஷ்ணகிரியில் ரொம்ப வருடம் சீட் கவர், ஸ்டிக்கர் கடை வைத்திருந்தவன் நான். ஒட்டியும் இருக்கிறேன், உரித்தும் இருக்கிறேன்.

தருமபுரி வாசகர்: அண்ணா, தினமும் காரில் கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போகும்போதும் வலது கை எரிகிறது, வரும்போதும் வலது கைதான் எரிகிறது. ஆன்லைனில் 50 சதவீதம் என்று போட்ட கூலிங் பேப்பர் ஒரு ரோல் வாங்கிவிட்டேன். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு 50 வரை சட்டத்தில் இடம் உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நானே ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். எப்படி ஒட்டுவது? வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

முடிக்கமாட்டேன். முதலில் உங்கள் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் வடக்கே போகிறீர்கள், கிழக்கு உங்களுக்கு வலப்பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்புகிறீர்கள், அப்போது மேற்கு வலப்பக்கம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகப் போய்வருகிற எல்லா டிரைவருக்கும் இந்த வரம் உண்டு, கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. தோலைக் கறுக்க வைக்கிற புற ஊதாக் கதிரை அந்தப் படலமே கிட்டத்தட்ட முழுசாக நிறுத்திவிடும். கதவுக் கண்ணாடி அப்படி இல்லை, ஒற்றைக் கண்ணாடியைச் சூடுபடுத்திச் சட்டென்று குளிர வைத்து உறுதியாக்கியது. அதன் வழியாகப் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி தாராளமாக உள்ளே வரும். கை எரிகிறது என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் மாட்டுகிற துணிக் கையுறை, முழங்கைக்கு மேல் வரை வருவது, அதை வாங்கி வலது கையில் மட்டும் மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், நானே மாட்டியிருக்கிறேன்.

இனி சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 100. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை விட வேண்டும், பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50. உங்கள் நண்பர்கள் சொல்கிற 50 இங்கேயிருந்துதான் வருகிறது. ஆனால் அது கம்பெனியிலிருந்து கண்ணாடி வரும்போது இருக்க வேண்டிய அளவு. 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கூலிங் பேப்பர் என்கிற ஃபிலிம் எத்தனை சதவீதமாக இருந்தாலும், வேறு எந்தப் பொருளாக இருந்தாலும், வாங்கிய பிறகு கண்ணாடி மேல் ஒட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. மே 4-ஆம் தேதி முதல் அமல். அந்த மே மாதம் என் கடை வாசலில் நின்ற வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது, ஒட்டிய கையாலேயே உரித்தேன், ஒட்டியதற்கு வாங்கியதைவிட உரிப்பதற்கு அதிகக் கூலி கிடைத்தது.

அதோடு கதை முடியவில்லை. பிறகு விதி 100-ஐயே திருத்தினார்கள், 2021 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த வகையையும் அந்தத் திருத்தம் ஏற்றுக்கொள்கிறது, அதே 70-50 கணக்கோடு. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்கு உட்பட்ட கூலிங் ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதைத்தான் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எல்லாரும் போலீஸ்காரரிடம் காட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பு கேரள எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம் கட்டுப்படுத்தும், இந்தப் பக்கம் எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். நம்ம ஊர் இருக்கிற இடத்தையும் பாருங்கள், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகப் போலீஸ், குப்பம் ரோட்டில் போனால் ஆந்திரப் போலீஸ். ஒரே நாளில் மூன்று மாநிலத்துக்காரரிடமும் வக்கீல் மாதிரி வாதாடத் தெம்பு இருந்தால் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்து 1500 வரை அபராதம் போடலாம். காசு பெரிசில்லை, வேலைக்குப் போகிற நேரத்தில் ஓரங்கட்டி நிற்பதுதான் கஷ்டம்.

அடுத்தது நீங்கள் வாங்கிய 50. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபிலிம் பெட்டியில் போட்டிருக்கிற எண் ஃபிலிமுக்கு மட்டும். உங்கள் கண்ணாடியே ஏற்கெனவே கொஞ்சம் பச்சை ஓடியதாக இருக்கும், முழு வெளிச்சத்தை அது விடாது. 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் 75-இல் பாதி, 37.5 தான் மிஞ்சும். கேரளத் தீர்ப்பை எடுத்துக் காட்டினாலும் நீங்கள் தோற்றீர்கள். 70 ஃபிலிம் என்றால் 52.5, மயிரிழையில் தப்பும். முன் கண்ணாடிக்கு இதே கணக்கைப் போட்டால் 90 ஃபிலிம்கூடத் தாண்டாது, ஆகவே அதை மறந்துவிடுங்கள். அந்த ரோலைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும், உங்கள் பொறுப்பில், 70 வாங்கி ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால், செய்முறை இதோ. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, கடைக்காரர்கள் ஏதோ மந்திரம் மாதிரி பேசுவார்கள். பாதி வேலை தூசியோடு மல்லுக்கட்டுவது, மீதி பொறுமை.

வெட்டவெளியில் ஒட்டாதீர்கள். கிரானைட் லாரி ஓடுகிற ஊர் நம்முடையது, தூசி எங்கேயும் இருக்கும். ஷெட் இருந்தால் ஷெட், இல்லையென்றால் போர்ட்டிகோ, விடிந்தும் விடியாத நேரம், காற்று எழும்பும் முன். தரையில் வாசல் தெளிக்கிற மாதிரி தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி அடங்கும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஒட்டினால் தண்ணீர் உடனே உலர்ந்து ஃபிலிம் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து நிலத்தடி நீரின் லட்சணம் தெரிந்ததுதானே, ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கலிலிருந்து குடிநீரே கொண்டுவந்தார்கள். உப்புத் தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், பிறகு துடைக்க வழியே இல்லை. கேன் தண்ணீர் ஒரு லிட்டர், குழந்தை ஷாம்பு நாலைந்து சொட்டு, ஸ்பிரே பாட்டில். நுரை பொங்கப் பொங்க ஊற்றினால் வழுக்கும், ஆனால் பசை பிடிக்காது.

கதவு பேடின் மேல் ஒரு துண்டைச் சொருகி, ஜன்னல் சுவிட்சுகளை மூடுங்கள். தண்ணீர் இறங்கி சுவிட்ச் போனால் நீங்கள் மிச்சம் பிடித்த கூலிக்கு மேல் செலவு. கண்ணாடியின் உட்புறத்தை ஷாம்பு தண்ணீர் அடித்து, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் வழியுங்கள். கைக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு, பழைய ஸ்டிக்கர் பசை எல்லாம் வரும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மேல் விளிம்பையும் துடையுங்கள், எல்லாரும் விடுகிற இடம் அதுதான். மறுபடி தண்ணீர், மறுபடி அதை வழித்துத் தள்ளுகிற ரப்பர் பட்டை. மூன்று தடவை.

வெட்டுவது வெளிப்புறத்தில். ஃபிலிமில் ஒரு பக்கம் மெல்லிய பாதுகாப்புத் தாள் இருக்கும், பார்த்தால் தெரியாது, மூலையில் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி இழுத்தால் பிரியும். அந்தத் தாள் உங்களைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியின் வெளியே ஈரத்தில் ஒட்ட வைத்து வெட்டுங்கள். தாளை உரித்ததும் பசைப் பக்கம் உங்களைப் பார்க்கும், திருப்பாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனால் அது கண்ணாடியைப் பார்க்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் தலைகீழாக வெட்டி, டிரைவர் பக்கத்து ஃபிலிமைக் கிளீனர் பக்கத்தில் ஒட்டப் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், கீழே ஒரு அங்குலம் கூடுதலாக, கதவு ரப்பருக்குள் சொருக. பின் கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்தது, சூட்டுக் காற்று அடிக்கிற ஹீட் கன்னால் சுருக்கினால்தான் உட்காரும், தவறாகக் காட்டினால் கண்ணாடியே விரிசல் விடும். புதிதாகச் செய்கிறவர் அதைத் தொட வேண்டாம்.

தாளை உரிக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உரிக்க உரிக்க, இன்னொருவர் பசை மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிலிம் தன்மேல் தானே மடிந்து ஒட்டினால் போச்சு. மச்சானைக் கூப்பிடுங்கள், ஆனால் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே கண்ணாடியையும் நனைத்து, மேல் விளிம்பைச் சரிபார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். ஃபிலிமின் மேல்பக்கத்தையும் ஈரமாக வைத்தால் கீறல் விழாது. கடைசியில் கீழ்ப்பகுதியை ரப்பருக்குள் சொருகுங்கள். அப்புறம் ஐந்து நாள் ஜன்னலை இறக்கக்கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பர்கூர் வாசகர்: சார், கடையில் ஃபிலிம் ஒட்டி ஆறு நாள் ஆகிறது. கண்ணாடி முழுக்கப் பால் தெளித்த மாதிரி இருக்கிறது, அங்கங்கே குமிழ். ஒட்டியவர் "தானாகப் போய்விடும்" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பாதி உண்மை. பால் மாதிரி தெரிவதும், விரலால் அமுக்கினால் நகர்கிற குமிழும் தண்ணீர். ஃபிலிம் வழியாகவே மெதுவாக ஆவியாகும், இந்த வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும், மழைக்காலம் என்றால் இன்னும் இழுக்கும். அதுவரை தொடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். நகராமல் பருப்பு மாதிரி நிற்பதுக்கு நடுவில் கூர்மையாக ஏதாவது தெரிந்தால் அது தூசி, அது போகாது. ஓரத்தில் விரல் விரலாக நீண்டு தெரிந்தால் சரியாகச் சுருக்காமல் ஒட்டியிருக்கிறார், அதுவும் போகாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்து, மீதி இருப்பதைக் காட்டி அதே ஆளிடம் கேளுங்கள். அதுவரை அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதையும் அடிக்காதீர்கள், சாயம் ஏற்றிய ஃபிலிமுக்கு அது ஆகாது. கறுப்பு ஃபிலிம் ஊதா நிறமாக மாறி நிற்கிற பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள், மலிவான சாயம் வெயிலில் வெளுத்ததன் அடையாளம் அது.

ஓசூர் வாசகர்: ஒரு கடையில் பெரிய விளக்கைப் போட்டு, நடுவில் செராமிக் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, பின்னால் என் கையை வைக்கச் சொன்னார்கள். சூடே தெரியவில்லை. சாதாரண ஃபிலிமைப் பிடித்தால் சுடுகிறது. விலை பல மடங்கு. உண்மையா, வித்தையா?

உண்மையான வித்தை. அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாத சூடு. செராமிக் ஃபிலிம் அதை நன்றாகவே தடுக்கும். ஆனால் நம்ம தலைமேல் காய்கிறது விளக்கு இல்லையே. தரைக்கு வரும் சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதிதான் அகச்சிவப்பு. நாற்பது சதவீதத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், மீதி கொஞ்சம் புற ஊதா. வெளிச்சமும் சீட்டில் பட்டுச் சூடாகத்தான் மாறும். பெட்டியில் 95 சதவீதம் வெப்பத்தைத் தடுக்கும் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அகச்சிவப்பில் ஒரு துண்டு அலைவரிசையை மட்டும் அளந்த எண்ணாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மொத்த சூரிய சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண், டி.எஸ்.இ.ஆர். என்று போட்டிருப்பார்கள். அதைக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள்.

கறுப்பாக இருந்தால் குளுமை என்ற எண்ணம்தான் எல்லாக் கோளாறுக்கும் வேர். மலிவுக் கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தை உறிஞ்சித் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளேயே விடும். வெயிலில் நின்ற காரில் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல்தான். கண்ணுக்கு இதமாக இருப்பதால் உடம்புக்கும் குளிர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். நல்ல செராமிக் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்துகொண்டே அதைவிட அதிகச் சூட்டைத் தடுக்கும். சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் அந்த வெளிறிய ஃபிலிம்தான், ராத்திரி ஓட்டுவதற்கு ஏற்றதும் அதுதான். பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தானே சைடு மிரரைப் பார்க்கிறோம். கறுப்பு ஒட்டிக்கொண்டு ராத்திரி தொப்பூர் இறக்கத்தில் பின்னால் லாரி எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்று பார்க்க முயன்றால் தெரியும். உலோகப் பூச்சு ஃபிலிம் என்றால் இன்னொரு தலைவலி, முன் கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக் அலையைத் தடுக்கலாம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, நீங்கள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு இருப்பீர்கள்.

அரூர் வாசகர்: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். நாலு கதவிலும் பின் கண்ணாடியிலும் முழுக் கறுப்பு ஃபிலிம், பழசு. வீட்டிலேயே உரித்துவிட முடியுமா?

ஒட்டுவதைவிட உரிப்பது சுலபம், அவசரப்படாத ஆளுக்கு மட்டும். மத்தியானம் எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், அரூர் வெயில் இலவசமாகக் கிடைக்கிற ஹீட் கன். பிறகு மேல் மூலையை பிளேடால் கிளப்பி, சாய்வாக, மெதுவாக, ஒரே இழுப்பாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் இரண்டு அடுக்காகப் பிரிந்து, பசையோடு ஒரு அடுக்கு கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படி ஆனாலும் பரவாயில்லை. பழைய செய்தித்தாளை ஷாம்பு தண்ணீரில் நனைத்துக் கண்ணாடி மேல் அப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் விடுங்கள். ஊறிய பசை பிளேடுக்குப் பணிந்து வரும். துணிக்கு ஆவி பிடிக்கிற ஸ்டீமர் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல கருவி வேறு இல்லை.

பின் கண்ணாடிக்கு இந்த பிளேடு கூடவே கூடாது. உட்புறம் மெல்லிய பழுப்புக் கோடுகள் படுக்கையாக ஓடுகின்றனவா பாருங்கள். பனியும் ஆவியும் படியாமல் கண்ணாடியைச் சூடாக்குகிற கம்பிகள் அவை, கண்ணாடிக்குள் இல்லை, மேலேயே பூசியவை. சில வண்டிகளில் ரேடியோ ஏரியலும் அதே மாதிரி கோடாக இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் தம்பி காரில் "ரெண்டே நிமிஷம்" என்று பிளேடு போட்டு மூன்று கோடுகளை அறுத்தேன். அடுத்த மார்கழியில் கொல்லிமலை போனபோது பின் கண்ணாடியில் மூன்று பட்டை மட்டும் வெள்ளையாக மூடி நின்றது, தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். ஆகவே பின் கண்ணாடிக்கு ஸ்டீமரும் விரலும் மட்டும். மிஞ்சிய பசையை ஷாம்பு தண்ணீரில் ஊற வைத்து மென்மையான துணியால் கோடு போகிற வாக்கிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள்.

அம்மோனியா ஊற்றிக் கறுப்புப் பாலிதீன் போர்த்தி வெயிலில் வைக்கிற முறை ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. வேலை செய்யும். ஆனால் மூடிய காருக்குள் அந்த நெடி கண்ணையும் நெஞ்சையும் பதம் பார்க்கும். எனக்குப் பிடிக்காது, என் கடையில் அனுமதித்ததும் இல்லை.

பாலக்கோடு வாசகி: ஒன்றரை வயசுக் குழந்தை. பின் சீட்டில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று உறிஞ்சு ரப்பர் வைத்து ஒட்டுகிற வலை ஷேடு வாங்கினேன். ஃபிலிம் இல்லையே, கழற்றி மாட்டுவதுதானே, இதற்கும் பிடிப்பார்களா?

அம்மா, பிடிக்க இடம் இருக்கிறது. 2012 தீர்ப்பு கறுப்பு ஃபிலிம் என்று மட்டும் சொல்லாமல், கண்ணாடி மேல் வேறு எந்தப் பொருளும் கூடாது என்கிறது. கழற்றக்கூடியதாக இருந்தால் விட்டுவிடலாம் என்று அதில் எழுதவில்லை. குழந்தையைப் பார்த்து விட்டுவிடுகிற போலீஸ்காரரும் இருப்பார், ஆனால் அவர் நல்ல மனசை நம்பி நான் பதில் எழுத முடியாது. வண்டி நிற்கும்போது ஷேடு போடுங்கள், முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பும் போடுங்கள், கிளம்பும்போது எடுத்துவிடுங்கள்.

ஓடும்போது நிழலுக்கு, சீட்டை மாற்றுவதுதான் செலவில்லாத வழி. முதல் வாசகருக்குச் சொன்ன கணக்கேதான், காலையில் வடக்கே போனால் குழந்தை இடப்பக்கம், மாலையில் தெற்கே திரும்பினாலும் இடப்பக்கம். சேலத்துக்குக் காலையில் போகிறீர்கள் என்றால் மாற்றிப் போடுங்கள். கிளம்பும் முன் நாலு கதவையும் திறந்து ஒரு நிமிடம் அனலை வெளியேற்றுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே சிறிது தூரம் ஓட்டுங்கள், பிறகு ஜன்னலை ஏற்றி ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் உள்சுழற்சியில் போட்டால் அந்த அனலையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிற வேலைதான் நடக்கும்.

கேட்காததற்கும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையில் ஒரு நிமிஷம் என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள், ஷேடு இருந்தாலும், ஜன்னல் இரண்டு விரல் திறந்திருந்தாலும். அமெரிக்காவில் 2005-இல் வந்த ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்சூடு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் அரை மணியிலேயே. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தது பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

காவேரிப்பட்டணம் வாசகர்: எங்கள் ஊரில் ஒருவர் கார் முழுக்கக் கறுப்பு. முன்னால் கட்சிக் கொடி. அவரை யாரும் நிறுத்துவதில்லையே, அவருக்கு மட்டும் தனிச் சட்டமா?

உண்மையில் விலக்கு ஒன்று உண்டு. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு, மாநில உள்துறைச் செயலரும் காவல்துறைத் தலைவரும் உள்ள குழு பரிசீலித்து அனுமதி தரலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. கொடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஊத்தங்கரை வாசகர்: இதெல்லாம் வேண்டாம், நிழலில் நிறுத்துங்கள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாமே?

எழுதியிருக்கலாம். ஆனால் நம்ம ஊரில் நிழல் என்றால் மாமரம். சித்திரை, வைகாசியில் பால் சொட்டி பெயின்டில் கறை விழும், அதற்கு மேல் நன்றாக விளைந்த கிளிமூக்கு மாங்காய் ஒன்று பானெட்டில் விழுந்தால் அந்தப் பள்ளத்தை எடுக்க என்னிடம்தான் கேள்வி வரும். புளியமரம் கிடைத்தால் நிறுத்துங்கள். இலை உதிர்ந்து வைப்பருக்குக் கீழே காற்று இழுக்கிற கிராதியில் அடைக்கும், வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போட்டால் போதும்.